இடுப்பு மூட்டு மாற்றிய பின் மூன்றாவது வாரம்: அதே ஆபரேஷன் செய்தவர்களோடு பேச வைக்கலாமா?

கேள்வி: "என் அம்மாவுக்கு வயது 64. வலது இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து 19 நாள் ஆகிறது. தையல் பிரித்தாயிற்று. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அம்மா நடக்கப் பயப்படுகிறார், கால் நீளமாகிவிட்டது என்று அழுகிறார், ராத்திரி தூங்குவதில்லை. ஏற்கெனவே இதே ஆபரேஷன் செய்துகொண்டவர்களோடு பேச வைத்தால் உதவுமா, இல்லை பயம்தான் கூடுமா?"

பேச வையுங்கள், இந்த வாரமே. யாரோடு பேச வைக்கிறீர்கள், எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். அதற்குத்தான் இந்த நீளமான பதில்.

எனக்கு இரண்டு இடுப்பு மூட்டும் மாற்றியாயிற்று. ஆஸ்துமாவுக்காக வருடக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டதில் தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்து, எலும்பு செத்து, உள்ளுக்குள் நொறுங்கிவிட்டது. வலது பக்கம் 2013-ல், இடது பக்கம் 2016-ல் செய்தார்கள். முதல் ஆபரேஷன் தனி அறையில் நடந்தது. ஏசி, டிவி, கூட ஒரு அட்டெண்டர் என்று எல்லா வசதியும் இருந்தது. இரண்டாவது முறை கையில் பணம் இல்லை. மருத்துவக் காப்பீட்டு அட்டையோடு ஆறு கட்டில் போட்ட பொது வார்டில் படுத்தேன். சீக்கிரம் தேறியது இரண்டாவது முறைதான். ஒரு தடவை அனுபவப்பட்டிருந்ததும் ஒரு காரணம், அதை மறுக்கவில்லை. ஆனால் முக்கியமான காரணம் பக்கத்துக் கட்டிலில் இருந்த வாடிப்பட்டி அக்கா. எனக்கு ஒன்பது நாள் முன்னால் அதே ஆபரேஷன் செய்துகொண்டவர்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை பிசியோதெரபிஸ்ட் வந்து எழுந்து நிற்கச் சொன்னபோது எனக்கு உடம்பு நடுங்கியது. அந்த அக்கா தன் கட்டிலில் இருந்தபடியே, "தங்கச்சி, முதல்ல நின்னதும் தலை சுத்தும், கண்ணு இருட்டும். பயந்துறாதே. எனக்கும் சுத்துச்சு. எண்ணி இருபது எண்ணு, சரியாப் போயிரும்" என்றார். பதினைந்து எண்ணுவதற்குள் சரியாகிவிட்டது. பிசியோதெரபிஸ்டும் தலை சுற்றும் என்று சொல்லித்தான் இருந்தார். ஆனால் அவர் சொன்னபோது அது எச்சரிக்கையாகத்தான் கேட்டது. அக்கா சொன்னபோது, கடந்துவிட்ட ஒன்றைப் பற்றிய செய்தியாகக் கேட்டது. உங்கள் அம்மாவுக்கு இப்போது வேண்டியது அந்த இரண்டாவது வகைப் பேச்சு.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டும் இல்லை. 1987-ல் ஜேம்ஸ் குலிக், ஹைக்கே மாலர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் இதய பைபாஸ் ஆபரேஷனுக்குக் காத்திருந்தவர்களைக் கவனித்தார்கள். ஆபரேஷன் முடிந்து தேறிக்கொண்டிருந்த ஒருவரோடு ஒரே அறையில் தங்கியவர்களுக்கு முன்பயம் குறைவாக இருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அவர்கள் அதிகம் நடந்தார்கள், சீக்கிரம் வீட்டுக்கும் போனார்கள். தன்னைப் போலவே ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் ஒருவரோடு தங்கியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. பயந்துபோன இரண்டு பேரை ஒன்றாகப் போட்டால் பயம் குறைவதில்லை. ஒருவர் கொஞ்சம் முன்னால் போயிருக்க வேண்டும்.

அதனால் அம்மாவுக்காகத் தேடும்போது, ஆறு வாரத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவரைத் தேடுங்கள். பத்து வருடம் ஆனவர்களுக்கு நல்ல மனசு இருக்கும், ஞாபகம் இருக்காது. எல்லாவற்றையும் மறந்துவிட்டு, "ஒண்ணுமே இல்லம்மா, ரெண்டே வாரத்துல நடந்துட்டேன்" என்பார்கள். அதைக் கேட்டால் அம்மா இன்னும் உடைந்து போவார். முடிந்தால் அதே வயது, அதே மாதிரி வீடு இருக்கும் பெண்ணாகப் பாருங்கள். பாத்ரூம் போவது, பாவாடை மாற்றுவது, கணவரோடு எப்போது சேர்ந்து படுப்பது என்பதையெல்லாம் அம்மா உங்களிடம் கேட்க மாட்டார். டாக்டரிடமும் கேட்க மாட்டார்.

இன்னொன்று, இது மிகவும் முக்கியம்: முழங்கால் மூட்டு மாற்றியவர்களோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். நம் நாட்டில் இடுப்பு மாற்றியவர்களை விட முழங்கால் மாற்றியவர்கள் பல மடங்கு அதிகம். "மூட்டு ஆபரேஷன் பண்ணினவங்க யாராவது இருக்காங்களா?" என்று தெருவில் விசாரித்தால் வந்து நிற்பவர் பெரும்பாலும் முழங்கால்காரராகத்தான் இருப்பார். அவர்களுக்குச் சொல்லப்படும் பாடமே வேறு. வலித்தாலும் மடக்கு, மடக்காவிட்டால் முழங்கால் இறுகிவிடும் என்று அவர்களைத் துரத்துவார்கள். இடுப்பில் அதை அப்படியே செய்தால் ஆபத்து. புது மூட்டைச் சுற்றியுள்ள உறையும் தசைகளும் ஆறும் வரை, அதாவது சுமார் ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம், இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, பாதத்தை உள்பக்கம் திருப்பக் கூடாது என்றுதான் பின்பக்கமாகத் திறந்து ஆபரேஷன் செய்தவர்களுக்குப் பொதுவாகச் சொல்வார்கள். மீறினால் புது மூட்டின் பந்து, அது பொருந்தியிருக்கும் கிண்ணத்தை விட்டு நழுவலாம். எங்கள் ஊரில் ஒரு நல்ல மனிதர், முழங்கால் ஆபரேஷன் ஆனவர், இடுப்பு ஆபரேஷன் ஆன தன் மைத்துனருக்குத் தனக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் சொல்லிக்கொடுக்கப் போனார். நல்லவேளையாக வீட்டில் இருந்த மருமகள் தடுத்துவிட்டார்.

இடுப்பு ஆபரேஷனுக்குள்ளேயும் வித்தியாசம் உண்டு. முன்பக்கமாகத் திறந்து செய்திருந்தால் தடைகள் வேறு. காலைப் பின்னால் நீட்டி வெளிப்பக்கம் திருப்புவதுதான் அங்கே கவனிக்க வேண்டியது. கீழே விழுந்து எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவருக்கும், தேய்மானத்துக்காகச் செய்துகொண்டவருக்கும் தேறும் வேகம் ஒன்றாக இருக்காது. எலும்பு சிமெண்ட் வைத்துப் பொருத்தியிருக்கிறார்களா, வைக்காமலா, காலில் எவ்வளவு பாரம் போடலாம் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் அந்தப் பெண்மணி "எனக்கு இப்படிச் சொன்னார்கள்" என்று சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். "உங்களுக்கும் அதேதான்" என்றால், உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சரி, அம்மாவின் அழுகைக்கு வருகிறேன்.

மூன்றாவது வாரம் எல்லோருக்குமே கஷ்டமான வாரம். ஆஸ்பத்திரியில் இருந்தவரை நர்ஸ், டாக்டர், ஆரஞ்சுப் பழத்தோடு வந்த சொந்தக்காரர்கள் என்று ஆள் நடமாட்டம் இருந்தது. இப்போது யாரும் வருவதில்லை. வலி மாத்திரையைக் குறைத்திருப்பார்கள். மல்லாந்தே படுக்க வேண்டியிருப்பதால் தூக்கம் வராது. பகலில் நடமாட்டம் இல்லாததாலும், சில வலி மாத்திரைகளாலும் மலச்சிக்கல் சேர்ந்துகொள்ளும். ரத்த இழப்பால் உடம்பு ஓய்ந்திருக்கும். "எல்லாம் நல்லாத்தானே இருக்கு, ஏன் அழுறே?" என்று வீட்டில் கேட்பார்கள், அது எரிகிற புண்ணில் உப்பு. என் முதல் ஆபரேஷனின்போது 17-ஆம் நாளிலிருந்து ஒரு வாரம் காரணமே இல்லாமல் அழுதிருக்கிறேன். இதை ஏன் செய்துகொண்டோம் என்று தோன்றியது. எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்தேன். இரண்டாவது முறை வார்டுத் தோழிகளோடு போனில் பேசிக்கொண்டிருந்ததால் தெரிந்தது, ஐந்து பேரில் நான்கு பேர் அந்த நாட்களில் அழுதிருக்கிறோம். தெரிந்ததும் பாதி பாரம் இறங்கிவிட்டது. இரண்டு மாதம் தாண்டியும் சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாம் சுருங்கியே இருந்தால் அது வேறு விஷயம். அப்போது டாக்டரிடம் மனச்சோர்வு பற்றியே நேராகப் பேச வேண்டும்.

கால் நீளமாகிவிட்டது என்பதும் கிட்டத்தட்ட எல்லோரும் சொல்வதுதான். குருத்தெலும்பு தேயத் தேய அந்தக் கால் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகியிருக்கும். தசைகளும் அந்த அளவுக்கு இறுகி, இடுப்பெலும்பு ஒரு பக்கம் சாய்ந்து, உடம்பு அதற்குப் பழகியிருக்கும். ஆபரேஷனில் பழைய நீளத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். தசைகள் உடனே விட்டுக்கொடுப்பதில்லை. இடுப்பின் வெளிப்பக்கத் தசை இறுகி இழுப்பதால் இடுப்பெலும்பு சாய்ந்தே நிற்க, கால் நீண்டுவிட்ட உணர்வு வரும். பெரும்பாலானவர்களுக்கு மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் இது போய்விடும். அதற்குள் அவசரப்பட்டுச் செருப்புக்கு அட்டை வைத்து உயர்த்தாதீர்கள். அடுத்த பரிசோதனையின்போது இரண்டு காலின் நீளத்தையும் அளந்து சொல்லச் சொல்லுங்கள். எண்ணாகக் கேட்டுவிட்டால் அம்மாவுக்கு மனம் அமைதியாகும். ஆறு மாதம் முன்னால் இதே மாதிரி நினைத்து, இப்போது அந்த எண்ணமே இல்லாமல் நடக்கிற ஒருவரை நேரில் பார்த்தால் இன்னும் நல்லது. பேசக்கூட வேண்டாம், அவர் நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாலே போதும்.

நடக்கப் பயப்படுவதற்கு அடியில், "உள்ளே இருப்பது உடைந்துவிடுமோ" என்ற எண்ணம் இருக்கலாம். அதை நேராகக் கேளுங்கள். 1962-ல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி உலோகப் பந்தையும் கடினமான பிளாஸ்டிக் கிண்ணத்தையும் வைத்துச் செய்த ஆபரேஷனின் வழிவந்ததுதான் இன்று நமக்குச் செய்வது. அறுபது வருடத்துக்கு மேல் சோதித்துப் பார்த்த விஷயம். 2019-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி, இப்படி மாற்றிய மூட்டுகளில் 100-க்குச் சுமார் 58, 25 வருடம் தாங்கும். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடப்பதால் அது உடையாது. உண்மையில் பயப்பட வேண்டியது படுத்தே கிடப்பதற்குத்தான். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவதற்கு அது வழி. படுத்திருக்கும்போதும் மணிக்கொரு தடவை பாதத்தை மேலும் கீழும் பத்துப் பதினைந்து முறை அசைக்கச் சொல்லுங்கள்.

சக நோயாளிகளிடமிருந்து என்னென்ன கிடைக்கும் என்று கேட்டால், வாடிப்பட்டி அக்காவிடம் நான் கற்றுக்கொண்டதையே சொல்கிறேன். டிஸ்சார்ஜ் தாளில் "தாழ்வான இருக்கையைத் தவிர்க்கவும்" என்று ஒரு வரிதான் இருந்தது. அக்கா, "ரெண்டு பிளாஸ்டிக் சேரை ஒண்ணு மேல ஒண்ணு போட்டு உட்காரு. உயரமும் கிடைக்கும், ஆட்டமும் இருக்காது" என்றார். கைப்பிடி உள்ள சேராக இருக்க வேண்டும், எழும்போது ஊன்ற வசதியாக. உள்பாவாடை போடும்போது ஆபரேஷன் கால் முதலில், கழற்றும்போது அந்தக் கால் கடைசியில். குனியாமல் பாவாடையைப் பாதத்தில் மாட்ட நுனியில் கொக்கி கட்டிய ஒரு குச்சி. வாக்கரில் ஒரு துணிப்பை தொங்கவிட்டால் போன், தண்ணீர் பாட்டில், மாத்திரை மூன்றும் கையோடு வரும். கார் சீட் தாழ்வாக இருந்தால் ஒரு தலையணை போட்டு, அதன்மேல் வழுவழுப்பான பிளாஸ்டிக் பையை விரித்து, முதலில் பின்புறமாக உட்கார்ந்து அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். உட்கார்ந்ததும் அந்தப் பையை உருவி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் போடும்போது வழுக்கும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். இதைப் பிசியோவும் சொன்னார், ஆனால் "நல்லது மேலே போகும், நோவு கீழே போகும்" என்று அக்கா சொன்னதுதான் பத்து வருடம் ஆகியும் மறக்கவில்லை. வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறும்போது தடி ஆபரேஷன் காலுக்கு எதிர்க்கையில் இருக்க வேண்டும். வலது இடுப்பு என்றால் இடது கையில். பலர் வலிக்கிற பக்கமே பிடித்து, உடம்பைச் சாய்த்துச் சாய்த்து நடக்கப் பழகிவிடுகிறார்கள். எதிர்க்கையில் பிடித்தால்தான் இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்குச் சுமை குறையும்.

நம் வீடுகளில் வாழ்க்கை தரையில் நடக்கிறது. அரிவாள்மனை, கோலம், பூஜை, பந்தி, துக்க வீட்டில் பாயில் உட்காருவது எல்லாமே தரைதான். இங்கேதான் அம்மா மாதிரி பெண்களுக்கு உள்ளூர ஒரு துக்கம் இருக்கும். இனி சம்மணம் போட்டு உட்கார முடியாதா, இந்தியக் கழிப்பறை கிடையாதா, கோயிலில் எல்லோரோடும் உட்கார முடியாதா என்று. குந்தி உட்காருவதைப் பெரும்பாலான டாக்டர்கள் நிரந்தரமாக விட்டுவிடத்தான் சொல்வார்கள். தரையில் உட்காரலாமா, எப்போது, எப்படி என்பதை அவரவர் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அதற்கு ஈடுகொடுத்து வாழ்வது எப்படி என்பதை டாக்டர் சொல்லித்தர முடியாது. எங்கள் வார்டுத் தோழி ஒருவர் சாமி படங்களை இடுப்பு உயரத்துக்கு ஏற்றி மாட்டிவிட்டு நாற்காலியில் அமர்ந்து விளக்கு ஏற்றுகிறார். இன்னொருவர் நின்றபடியே மேடையில் கத்தியால் காய் நறுக்கப் பழகிக்கொண்டார். முதல் முறை கல்யாண வீட்டில் எல்லோரும் கீழே உட்கார, தான் மட்டும் நாற்காலி கேட்டபோது கூசியது என்றும், மூன்றாவது கல்யாணத்தில் கூச்சம் போய்விட்டது என்றும் அவர் சொன்னபோது நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எனக்கும் அதே கூச்சம் இருந்தது.

எதைச் சக நோயாளியிடம் கேட்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். மாத்திரை பற்றிய பேச்சே வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மருந்தை, "நான் பத்து நாள்தான் போட்டேன்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு நிறுத்திவிடக் கூடாது. சிலருக்கு ஐந்து வாரம் வரை தருவார்கள். எண்ணெய் போட்டுக் காலை நீவி விடுவது, நாட்டுக்கட்டு போடுவது இரண்டும் கூடவே கூடாது. கெண்டைக்காலில் ரத்தக்கட்டி இருந்து, அதை நீவினால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். புண் சீழ் வைக்கும் என்று முட்டை, மீன், பருப்பைப் பத்தியம் என்ற பெயரில் நிறுத்துவதும் தவறு. புண் ஆறவும் தசை வளரவும் புரதம் வேண்டும்.

கீழே சொல்வதெல்லாம் வந்தால் தோழிக்குப் போன் போட வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கெண்டைக்கால் வீங்கி, சூடாகி, தொட்டால் வலிப்பது. தையல் இடத்தில் நீரோ சீழோ கசிவது, சிவந்து பரவுவது, காய்ச்சல். திடீரென்று கடுமையான வலியோடு கால் குட்டையாகித் திரும்பிக்கொள்வது, பாரம் போட முடியாமல் போவது. மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள். சாயங்காலம் ஆனதும் கால் முழுக்கக் கொஞ்சம் வீங்குவதும், இரவு காலை உயர்த்திப் படுத்தால் வடிவதும் சாதாரணம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால், சாதாரணம் என்று முடிவு செய்யும் பொறுப்பை டாக்டரிடமே விடுங்கள்.

ஆஸ்பத்திரியில் ஒட்டித் தந்த மூட்டின் ஸ்டிக்கர் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா? கம்பெனி பெயர், மாடல், வரிசை எண் அதில் இருக்கும். பின்னால் அந்த மாடலில் ஏதாவது குறை தெரியவந்தால் அது தேவைப்படும். 2010 ஆகஸ்டில் ஏஎஸ்ஆர் என்ற, உலோகத்தோடு உலோகம் உரசும் இடுப்பு மூட்டை அதைத் தயாரித்த டீபியூ நிறுவனம் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. இந்தியாவில் சுமார் 4,700 ஆபரேஷன்களில் அது பொருத்தப்பட்டிருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்து, சேர்ந்து குரல் கொடுத்ததால்தான் இழப்பீடு பற்றிய பேச்சு அரசு வரை போனது. 2018-ல் மத்திய அரசு 30 லட்சத்திலிருந்து 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீட்டுக்குக் கணக்கு வகுத்தது. அம்மாவுக்கு அப்படி எதுவும் ஆகாது, பயப்பட வேண்டாம். தாளை ஒரு போட்டோ எடுத்து உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இப்போது ஆளை எப்படித் தேடுவது? ஆபரேஷன் செய்த டாக்டரை விட வார்டு சிஸ்டரையும் பிசியோதெரபிஸ்டையும் கேளுங்கள். யார் யார் எந்த ஊர், யார் நன்றாகப் பேசுவார், யார் பயமுறுத்துவார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். "இரண்டு மூன்று மாதம் முன்னால் இதே பக்கமாகத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு அம்மா, பேசச் சம்மதிப்பாரா என்று அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். எண்ணை நேராக வாங்காதீர்கள். அவர் சம்மதித்த பிறகு வாங்குவதுதான் மரியாதை. ஆறாவது வாரப் பரிசோதனைக்குப் போகும்போது காத்திருக்கும் பெஞ்சிலேயே இரண்டு பேர் கிடைப்பார்கள். வாக்கரோடு வந்திருக்கும் யாரும் அங்கே பேச மறுப்பதில்லை.

முதலில் நீங்களே அவரோடு ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள். மூச்சுக்கு மூச்சு அந்த ஆஸ்பத்திரி மோசம், இந்த டாக்டர் மோசம் என்பவராக இருந்தால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள். அம்மாவோடு போட்டி போடுகிறவரும் வேண்டாம். "எத்தனை நாள்ல வாக்கரை விட்டீங்க? நான் பதினெட்டு நாள்ல விட்டேன்" என்ற ஒரு வரி போதும், அம்மா மறுநாளே வாக்கரை விட்டுவிட்டு விழுவதற்கு.

அப்புறம், அவர்கள் பேசும்போது நீங்கள் அறையில் இருக்க வேண்டாம். போனை அம்மா கையில் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள். முதல் தடவை அம்மா அழுவார், உள்ளே ஓடாதீர்கள். அந்தப் பக்கம் இருப்பவருக்கு அந்த அழுகை தெரியும். நாற்பது நிமிடம் கழித்து அம்மா உங்களைக் கூப்பிட்டு, வீட்டில் இன்னொரு பிளாஸ்டிக் சேர் இருக்கிறதா என்று கேட்டால், எடுத்துக் கொண்டுபோய் மேலே போடுங்கள்.